கலைச்சொல் உதவி: வட்டே இல்லாத வன்வட்டுக்கு என்ன பெயர்?

வணக்கம். 1987-இல் வந்த மேக்கின்டோஷ் எஸ்இ கணினியைச் சீர்செய்யும் கையேடு ஒன்றைப் பாலிடெக்னிக் மாணவர்களுக்காகத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். உள்ளே இருக்கும் 20 மெகாபைட் வன்வட்டைக் கழற்றிவிட்டு, எஸ்டி அட்டை செருகிய ப்ளூஸ்கஸி பலகையை (அட்டையையே வன்வட்டு போலக் கணினிக்குக் காட்டுவது) அதே 50 ஊசி ஸ்கஸி இணைப்பில் (வட்டுகளைக் கணினியோடு இணைக்கும் ஒரு முறை) மாட்டுவது ஐந்தாம் பாடம். இத்தகைய பலகைகளுக்கு ஒரு பொதுப்பெயர் வேண்டும். 'சாலிட் ஸ்டேட் டிரைவ்' என்ற ஆங்கிலப் பெயரைப் பின்பற்றி 'திடநிலை இயக்கி' என்று எழுதியிருந்தேன். அடுத்த பக்கத்திலேயே மென்பொருள் 'இயக்கி' (டிரைவர்) வருகிறது. எதை மாட்டுவது, எதை நிறுவுவது என்று பிள்ளைகள் குழம்புவார்கள்.

-----

அம்மா, 'திடம்' வடசொல். நம்மிடம் 'திண்' இருக்கிறதே! திண்மை, திண்ணியர், திண்ணம். கற்பையே திண்மை என்றார் வள்ளுவர். திண்டு, திண்ணை இரண்டும் இதே வேர்தான் என்பது என் துணிபு. உட்காருகிறவரைத் தாங்கும் உறுதி அது. ஆகவே 'திண்வட்டு'. மூன்றே அசை, வல்லின மெல்லினச் சிக்கலும் இல்லை.

-----

ஐயா, வேர் சரி, பொருள் சரியில்லை. 'சாலிட் ஸ்டேட்' என்ற ஆங்கிலப் பெயர் கெட்டித்தன்மையைச் சொல்லவில்லை. வெற்றிடக் குழாயில் ஓடிய மின்னோட்டம், 1947-இல் டிரான்சிஸ்டர் வந்தபின் திண்மப் பொருளுக்குள்ளேயே ஓடியது. பெயரின் மூலம் அதுதான். பழையதற்கு 'வன்' வந்தது நெகிழ்வட்டிலிருந்து (ஃப்ளாப்பி) பிரித்துக்காட்ட. வன்வட்டை எடுத்துத் திண்வட்டை வை என்றால், கெட்டியை எடுத்துக் கெட்டியை வை என்றுதானே மாணவன் படிப்பான்? போதாததற்கு வட்டே இல்லாத பொருளுக்கு வட்டு என்ற பெயர் வேறு.

-----

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வார்த்தை. நாங்கள் வட்டு என்பதில்லை, வன்தட்டு என்றுதான் சொல்லிப் பழக்கம். பொதுப்பெயர் என்றால் எங்களுக்கும் விளங்க வேண்டும் அல்லவா?

-----

வன்தட்டு என்று எழுதுவது புணர்ச்சிப் பிழை. னகரத்தின் முன் தகரம் றகரமாகும். சுந்தரரை வன்றொண்டர் என்கிறோமே, அதுபோல 'வன்றட்டு' என்பதே முறை. கலைச்சொல்லாக்கத்தில் இதைக் கைவிட்டால் அப்புறம் எதைக் காப்பாற்றுவது?

-----

வன்றட்டு என்று எவன் தேடுவான் ஐயா? தேடினால் கிடைக்காத சொல் வகுப்பறைக்கு ஆகாது. பகுதிகள் கண்ணுக்குத் தெரியட்டும். புணர்ச்சியைத் தமிழாசிரியர் தமிழ் வகுப்பில் சொல்லித் தரட்டும்.

-----

நான் இந்தப் பலகைகளை மாட்டுகிறவன். எதனால் ஆனது என்பதை விட்டு, என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். ஸ்கஸியில் கணினி 'இத்தனையாவது துண்டத்தைக் கொடு' என்று கேட்கும், அவ்வளவுதான். தகடு சுழல்கிறதா என்பது அதற்குத் தெரியாது. பலகையிலுள்ள நுண்கட்டுப்படுத்தி என்ற சில்லு, எஸ்டி அட்டையில் கிடக்கும் படிமக் கோப்பை (ஒரு வட்டின் உள்ளடக்கம் முழுதும் அடங்கிய கோப்பு) திறந்து, அந்த 512 பைட்டை எடுத்து நீட்டும். பழைய வட்டு இருந்த இடத்தில் நின்று அதன் பதிலைச் சொல்லுகிறது. எனவே 'பதிலி வட்டு' என்பேன்.

இன்னொன்று. பழைய 486 கணினியில் காம்பேக்ட் ஃப்ளாஷ் அட்டையை மாட்டுகிறோமே, அது வேறு. அந்த அட்டைக்கே ஐடிஇ மொழி (ஸ்கஸி போல இன்னொரு வட்டு இணைப்பு முறை) தெரியும். இடையிலுள்ள பலகை வெறும் கம்பி இணைப்பு. அதைப் பதிலி என்றால் அட்டையைச் சொல்லவேண்டும், பலகையை அல்ல. கையேட்டில் இதைப் பிரித்துக்காட்டாவிட்டால் எதில் பழுது என்று மாணவன் கண்டுபிடிக்கவே முடியாது.

-----

தம்பி விளக்கியது அருமை. ஆனால் 'பதில்' அரபு 'பதல்' வழி வந்தது. அதே பொருளுக்கு 'ஈடு' உண்டு. இடு என்பது ஈடு ஆனது முதனிலை திரிந்த தொழிற்பெயர்: கெடு கேடு, சுடு சூடு போல. திருவாய்மொழிக்கு நம்பிள்ளை சொன்ன உரைக்கும் ஈடு என்றே பெயர். அப்பெயருக்கான காரணங்களைத் தனி மடலில் எழுதுகிறேன். இங்கே 'ஈட்டு வட்டு' பொருந்தும்.

-----

ஈடு என்றதும் என் மாணவர்களுக்கு நகைக்கடன் நினைவுக்கு வரும். பதில் எல்லோர் வாயிலும் புழங்குகிற சொல். அதன் பிறப்புச் சான்றிதழைக் கேட்கவேண்டாம்.

-----

அனைவருக்கும் நன்றி. அச்சகத்துக்கு இன்றிரவு அனுப்புகிறேன். 'பதிலி வட்டு' என்றே வைத்திருக்கிறேன், நால்வர் அதற்கு உடன்பட்டார்கள். ஐடிஇ பாடத்தில் 'இணைப்புப் பலகை', 'பதிலி அட்டை' என்று பிரித்துவிட்டேன். வன்தட்டு சொல்லடைவில் இணைச்சொல்லாக இருக்கிறது.

-----

பதிவுக்காகச் சொல்கிறேன். என் வாக்கு இன்னும் திண்வட்டுக்கே. அடுத்த பதிப்பில் சொல்லடைவிலாவது அதற்கு ஓரிடம் கொடுங்கள். தட்டுக்கு இடம் தருவதானால் றகரத்தோடு தாருங்கள்.