அமெரிக்காவில் ஆங்கிலம் ஆட்சி மொழி: நாம் எந்தப் பக்கம் நிற்பது?

மாந்தோப்பு (காவேரிப்பட்டணம்):

எல்லாருக்கும் வணக்கம். என் அக்கா நியூ ஜெர்சியில் இருக்கிறாள், அம்மாவும் அவளோடுதான். 2025 மார்ச் 1 அன்று டிரம்ப் ஆணை போட்டு ஆங்கிலம்தான் நாட்டின் ஆட்சி மொழி என்று அறிவித்தார் இல்லையா, அதிலிருந்து அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும்போதெல்லாம் இந்த முறை மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று அக்காவுக்கு ஒரே கவலை. முன்பு பித்தப்பையில் கல் என்று அம்மாவைச் சேர்த்தபோது, டாக்டரம்மா போனிலேயே ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்து, எங்கே வலிக்கிறது, எப்போது சாப்பிட்டீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறார். "சோத்தாங்கைப் பக்கம் விலாவுக்குக் கீழே சுருக்கு சுருக்குன்னு குத்துது" என்று அம்மா நம்ம ஊர்ப் பேச்சிலேயே சொல்லியிருக்கிறார். இன்றைக்கும் அதை எல்லாரிடமும் சொல்லிச் சந்தோஷப்படுவார்.

என் குழப்பம் இதுதான். 1965இல் இந்தி மட்டும்தான் என்று ஆகிவிடக் கூடாது என்று தெருவில் இறங்கியவர்கள் நம் ஆட்கள். அப்போது ஆங்கிலம் நமக்குக் கேடயமாக இருந்தது. அதே ஆங்கிலத்தைக் காட்டி அங்கே என் அம்மாவின் வாயை அடைத்துவிடுவார்களோ என்று இப்போது பயப்படுகிறோம். ஆங்கிலம் வேண்டும் என்றால் அம்மாவுக்கு எதிராகப் பேசுவது போலவும், வேண்டாம் என்றால் நம் வரலாற்றையே மறுப்பது போலவும் இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அம்மாவுக்கு 64 வயது, கிரீன் கார்டு வாங்கி 14 வருடம் ஆகிறது, குடியுரிமைக்குப் போடலாமா என்றும் அக்கா யோசிக்கிறாள்.

அதியமான்கோட்டை:

தம்பி, நான் தருமபுரியில் வக்கீல் குமாஸ்தாவாக 22 வருடமாக இருக்கிறேன். முதலில் அக்காவின் பயத்துக்குப் பதில். அந்த ஆணை, கிளின்டன் 2000இல் போட்ட ஓர் ஆணையை ரத்து செய்தது. ஆங்கிலம் தெரியாதவர்களுக்கு அரசுச் சேவை எட்ட வழி செய்ய வேண்டும் என்று சொன்ன ஆணை அது, போனது நஷ்டம்தான். ஆனால் மற்ற மொழிச் சேவையை நிறுத்து என்று புது ஆணை சொல்லவில்லை, அந்தந்தத் துறைத் தலைவரின் முடிவுக்கு விட்டிருக்கிறது. ஆஸ்பத்திரி விஷயம் வேறு. 1964 சிவில் உரிமைச் சட்டமும், ஒபாமா காலத்து மருத்துவக் காப்பீட்டுச் சட்டமும் மத்திய அரசுப் பணம் வாங்கும் ஆஸ்பத்திரிகளைக் கட்டுப்படுத்துகின்றன. நாடாளுமன்றம் போட்ட சட்டத்தை அதிபர் ஒரு கையெழுத்தில் அழிக்க முடியாது. அதனால் அக்கா தைரியமாக மொழிபெயர்ப்பாளரைக் கேட்கட்டும்.

இரண்டாவது, அந்த நாட்டுக்கு 1776 முதல் இந்த ஆணை வரைக்கும் மத்திய அளவில் ஆட்சி மொழி என்று ஒன்றைச் சட்டத்தில் எழுதவே இல்லை. மாநிலங்களில் 30க்கு மேல் முன்பே ஆங்கிலத்தை அறிவித்துவிட்டன. நெப்ராஸ்கா 1920இல் செய்தது. முதல் உலகப்போர் கோபத்தில் அங்கே ஒரு சட்டம், எட்டாம் வகுப்பு முடிக்காத பிள்ளைக்கு வேறு மொழி சொல்லித்தரக் கூடாது என்று. பத்து வயதுப் பையனுக்கு ஜெர்மன் சொல்லிக்கொடுத்த மேயர் என்ற ஆசிரியருக்கு 25 டாலர் அபராதம். அவர் விடவில்லை, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1923இல் ஜெயித்தார். ஹவாயில் 1978 முதல் ஹவாய் மொழியும் ஆங்கிலமும் சேர்ந்து ஆட்சி மொழி. ஆக, ஆங்கிலத்தை அறிவிப்பது ஒன்று, மற்றதை அடைப்பது இன்னொன்று, இரண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது.

நம் கதையிலும் ஒரு சொல்லில்தான் எல்லாம் நின்றது. 15 வருடம் ஆங்கிலம் இருக்கும் என்றது அரசியல் சட்டம். 1963 ஆட்சிமொழிச் சட்டம் அதற்குப் பிறகும் ஆங்கிலம் "தொடரலாம்" என்றது. "தொடரும்" என்று போடு, தொடரலாம் என்றால் தொடராமலும் போகலாம் என்று அண்ணா மாநிலங்களவையில் கேட்டார். 1967 திருத்தத்தில்தான் இந்தி பேசாத மாநிலங்கள் சம்மதிக்காமல் ஆங்கிலத்தை எடுக்க முடியாது என்று உறுதியானது. நாம் கேட்டது அந்த உறுதியைத்தான், ஆங்கிலம் மட்டும் இருக்கட்டும் என்று நாம் ஒருநாளும் கேட்டதில்லை.

சிப்காட் ஷிப்ட்:

அதியமான்கோட்டை அண்ணன் சொன்னதை மறுக்கவில்லை, ஆனால் வேறொரு பக்கமும் இருக்கிறது. ஓசூரில் நான் சூப்பர்வைசர். என் லைனில் ஒடிசா, பீகார், அசாம், ஆந்திரா, நம்ம ஊர் என்று எல்லாரும் நிற்கிறார்கள். பிரஸ் மெஷினில் கை வைக்காதே என்பதை எத்தனை மொழியில் எழுதி ஒட்டுவது? படம் போட்டோம், மூன்று மொழியில் எழுதினோம், அப்படியும் போன வருடம் ஒடிசா பையன் ஒருவனுக்கு விரல் போனது. ஒரு நாட்டில் எல்லாருக்கும் புரியும் ஒரு மொழி இருந்தே ஆக வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அமெரிக்காவில் அது ஆங்கிலம்தான். போய் 14 வருடம் ஆன பிறகும் கற்றுக்கொள்ளவில்லை என்றால் அது அம்மாவுக்கே இழப்பு இல்லையா? கோபப்படாதீர்கள், மனதில் பட்டதைச் சொன்னேன்.

தளி ரோடு:

சிப்காட் நண்பரே, அந்தப் பையனுக்கு ஒடியா தெரிந்த ஒருவர் முதல் நாளே அரை மணி நேரம் பக்கத்தில் நின்று சொல்லியிருந்தால் விரல் தப்பியிருக்கலாம். பொது மொழி வரும்வரை மெஷின் காத்திருக்காது.

எங்கள் வீட்டில் தெலுங்கு. ஐந்து தலைமுறையாக இங்கேதான், தமிழ்தான் எனக்குப் படிக்கவும் எழுதவும் வரும் மொழி, தமிழை என் மொழி என்றே சொல்வேன். ஆனால் என் பாட்டிக்குத் தெலுங்கு மட்டும்தான். தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஓர் அலுவலகத்தில் அவர் பேசப் பேச, "தமிழில் சொல்லும்மா" என்று மூன்று முறை திருப்பி அனுப்பியதை நான் பள்ளிப் பையனாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். தமிழைக் கட்டாயப் பாடமாக்கிய 2006 தமிழ் கற்றல் சட்டம் வந்தபோது எங்கள் பக்கத்துத் தெலுங்கு, கன்னடம், உருது பள்ளிகள் என்ன பாடுபட்டன என்று இந்த மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரியும். பிள்ளைகள் தமிழ் படிக்க வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. தேர்வு எழுத உட்கார்ந்த பிறகு ஆசிரியர் இல்லாத பாடத்தில் தேறு என்றால் என்ன செய்வார்கள்? உயர் நீதிமன்றம் போய் விலக்கு வாங்க வேண்டியிருந்தது.

தொரப்பள்ளி எங்களுக்குப் பக்கம்தான். அங்கே பிறந்த ராஜாஜி 1938இல் சென்னை மாகாணப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார், அவரே பிற்காலத்தில் ஆங்கிலம் தொடர வேண்டும் என்று இந்தித் திணிப்பை எதிர்த்து நின்றார். மனிதர் மாறினார் என்று நான் குறை சொல்ல மாட்டேன், ஆட்சிமொழி ஆக்கினால் நடப்பது என்ன என்பதைப் பார்த்துத்தான் மாறியிருப்பார் என்று எனக்குப் படுகிறது.

அதனால் மாந்தோப்பு தம்பி, எந்த மொழியின் பக்கம் என்று கேட்காமல், கவுன்டரில் நிற்கிற ஆள் பக்கம் நில்லுங்கள். நியூ ஜெர்சியில் அது உங்கள் அம்மா. இங்கே என் பாட்டி, ஓசூர் அரசு ஆஸ்பத்திரியில் பிரசவ வலியோடு வரிசையில் நிற்கிற அசாம் பெண். அந்தப் பெண்ணுக்கு நாம் என்ன செய்து வைத்திருக்கிறோம்?

சிப்காட் ஷிப்ட்:

இது நியாயமான கேள்வி. எங்கள் கம்பெனியிலேயே ஒடியா தெரிந்த இரண்டு பேரைப் பயிற்சியில் போடச் சொல்லி மேலே கேட்கப்போகிறேன்.

மாந்தோப்பு:

எல்லாருக்கும் நன்றி. ஒரு விஷயம், அம்மா கற்றுக்கொள்ளவே இல்லை என்று இல்லை. கடையில் விலை கேட்பார், பேரப்பிள்ளையின் பள்ளி பஸ்காரரோடு பேசுவார். வலியைச் சொல்வதற்கு மட்டும் வார்த்தை வராது என்பார். அண்ணா, குடியுரிமைத் தேர்வு?

அதியமான்கோட்டை:

அதற்கு வழி இருக்கிறது, இந்த ஆணை அதைத் தொடவில்லை. 55 வயது தாண்டி, கிரீன் கார்டோடு 15 வருடம் அங்கே வசித்தவருக்கு ஆங்கிலத் தேர்விலிருந்து சட்டப்படியே விலக்கு. வரலாறு, அரசு பற்றிய கேள்விகளுக்குத் தமிழிலேயே பதில் சொல்லலாம், மொழிபெயர்ப்பாளரை மட்டும் நாமே கூட்டிப்போக வேண்டும். ஆகவே இன்னும் ஒரு வருடம் பொறுத்து மனுப்போடச் சொல்லுங்கள், கார்டில் இருக்கும் தேதியை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளட்டும். இடையில் நீண்ட நாள் ஊருக்கு வந்து தங்கியிருந்தால் கணக்கு மாறலாம், அதை அங்கேயுள்ள வக்கீலிடம் கேட்பது நல்லது.

அப்புறம் தளி ரோடு ஐயா, அரசியல் சட்டத்தின் 350ஆம் பிரிவைப் பாட்டி காலத்தில் யாராவது சொல்லியிருக்க வேண்டும். மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் எந்த அதிகாரிக்கும் குறையை எழுதிக் கொடுக்கலாம் என்பது அதில் இருக்கிறது. தெலுங்கில் மனு எழுத வேண்டியவர்கள் யாராவது இருந்தால் என்னிடம் அனுப்புங்கள், எழுதத் தெரிந்த ஒருவரை உட்கார வைக்கிறேன்.