வெள்ளைப் பேனலில் சிவப்பு "துளியும் இல்லை"யாம்!

ராயபுரம் வாசி: பெரம்பூர் பசுமை நேற்று இங்கே அருளியது: "கூரையில் பதிக்கும் வெள்ளை எல்.இ.டி. பேனலில் சிவப்பு ஒளி துளியும் இல்லை. அதன் கீழ் எந்தச் செடியும் வளராது. ஊதா விளக்கு வாங்குங்கள்." துளியும் இல்லையாம்! வெள்ளை எல்.இ.டி. என்பதே 450 நானோமீட்டர் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அலைநீளம்) அருகில் நீலம் உமிழும் சில்லின் மேல் மஞ்சள் பாஸ்பர் என்ற ஒளிரும் பொருளைப் பூசியதுதான். அந்தப் பூச்சு நீலத்தில் ஒரு பகுதியை விழுங்கிப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று திருப்பித் தருகிறது. சிவப்பே இல்லாவிட்டால் அந்த வெளிச்சத்தில் தக்காளி உங்களுக்கு எந்த நிறத்தில் தெரிகிறது?

பெரம்பூர் பசுமை: தக்காளியைப் பார்ப்பது உங்கள் கண். செடிக்குக் கண் கிடையாது ஐயா. பச்சையம் அதிகம் உறிஞ்சுவது நீலத்தில் 430, சிவப்பில் 660 நானோமீட்டர் பக்கத்தில். உங்கள் பேனலில் 660 எங்கே?

ராயபுரம் வாசி: கேள்வியை மாற்றாதீர்கள். துளியும் இல்லையா, குறைவாக இருக்கிறதா? நீலம் கலந்த வெள்ளையான 6500 கெல்வின் பேனலில் குறைவு, மஞ்சள் கலந்த வெள்ளையான 3000 கெல்வினில் அதிகம். கெல்வின் எண்ணைப் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கிறது, படித்துவிட்டு வாருங்கள். பச்சை ஒளியும் ஒளிச்சேர்க்கைக்கு உதவுகிறது என்று மெக்ரீ என்ற ஆய்வாளர் 1972-இலேயே பயிர் இலைகளை அளந்து காட்டிவிட்டார். என் பேனல் 4000 லூமன்!

பெரம்பூர் பசுமை: லூமன் மனிதக் கண்ணுக்கான அளவு. 555 நானோமீட்டர் பச்சைக்குத்தான் அதில் முதல் மரியாதை. செடியிடம் போய் லூமன் கணக்குச் சொல்கிறாரே! 660 எங்கே?

தண்டையார்பேட்டை தம்பி: என்ன செடி என்று யாருமே சொல்லவில்லையே? மணி பிளான்ட் நிழலிலும் பிழைக்கும். துளசிக்கு நல்ல வெயில் வேண்டும்.

வண்ணை வயர்மேன்: பேனல் பத்தடி உயரக் கூரையில் இருந்தால் எந்த நிறமானாலும் வீண். கீழே இறக்கி, செடிக்கு ஓரடி மேலே தொங்கவிடுங்கள். 40 வாட்ஸ் பேனலைத் தினம் 12 மணி நேரம் எரித்தால் மாதம் 14 யூனிட் சொச்சம், அதையும் யோசியுங்கள்.

ராயபுரம் வாசி: உயரத்தை யார் கேட்டது அண்ணே? எங்கள் சந்தில் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். நடுப்பகலிலும் விளக்குப் போட வேண்டும். மொட்டைமாடி நிறைய வெயிலை வைத்துக்கொண்டு பெரம்பூரிலிருந்து எங்களுக்கு விளக்குப் பாடம் நடத்துகிறார். "துளியும்" என்ற சொல்லை முதலில் நீக்கட்டும்.

பெரம்பூர் பசுமை: நீக்க மாட்டேன். செடிக்குப் பயன்படாத அளவு இருந்தால் அது இல்லாததுதான். செடியைப் பற்றி நீங்கள் பேசுவது இன்னும் வேடிக்கை. போன ஆண்டு நீங்கள் கொடுத்த கறிவேப்பிலைக் கன்று ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை.

ராயபுரம் வாசி: வேளைக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் எந்தக் கன்றின் வேர்தான் அழுகாது? அதற்கும் சிவப்பு ஒளி போதவில்லை என்பீர்களோ?

தண்டையார்பேட்டை தம்பி: நான் கேட்டது துளசி...

ராயபுரம் வாசி: தம்பி, பெரியவர்கள் பேசி முடிக்கட்டும்.

பெரம்பூர் பசுமை: பெரியவரா? 660 என்ற எண்ணுக்கு இன்னும் பதில் சொல்லாதவர் பெரியவரா? அந்தக் கன்று வந்த தொட்டியே விரிசல் விட்டிருந்தது.

ராயபுரம் வாசி: விரிசல் தொட்டிதானே? அப்படியானால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஓராண்டாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.