கிரெடிட் கார்டுல மாச வாடகை கட்டினா லாபமா, ஃபீ தண்டமா?

நிலாமுற்றம்:
எல்லாருக்கும் வணக்கம், இவ்ளோ நாளா படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இதுதான் முதல் போஸ்ட். எங்க செலவுலயே பெருசு வாடகைதான், அது மட்டும் மாசாமாசம் பேங்க்லேர்ந்து நேரா ஹவுஸ் ஓனருக்கு போயிடுது, பாயின்ட்டும் கிடையாது ஒண்ணும் கிடையாது. ஓனர் கார்டெல்லாம் வாங்கமாட்டார். இப்ப ஒரு ஆப்ல நாம கார்டுல கட்டினா அவங்க ஓனரோட அக்கவுன்ட்டுக்கு அனுப்பிடறாங்க, அதுக்கு ஒன்றரை பர்சென்ட் ஃபீ. என் கார்டுல 1% ரிவார்டு வருது. அதுபோக 45 நாள் வட்டியில்லாம காசு நம்மகிட்டயே இருக்கும், அதை சேவிங்ஸ்ல விட்டு வச்சா அந்த வட்டியும் நமக்குத்தானே, அப்ப ஃபீ போக ஏதோ மிஞ்சும்ல? என் வீட்டுக்காரர் (ஹஸ்பண்ட்) என்னடான்னா "ஒழுங்கா போயிட்டிருக்கிற வாடகைய எதுக்கு கடனாக்கறே"ங்கறார். கார்டு பில்லை எப்பவும் முழுசா கட்டிடுவோம், அதுல பிரச்சனை இல்ல. கணக்கு தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

கூட்டிக்கழி:
வாங்க. உங்க கணக்கையே போட்டு பாத்துடலாம். சேவிங்ஸ் வட்டி வருஷத்துக்கு 4%னு வச்சுக்குவோம், 45 நாளைக்கு அது 0.49% ஆகுது. ரிவார்டு 1%. ரெண்டும் சேத்தா 1.49. ஃபீ 1.5. அதாவது எல்லாமே உங்களுக்கு சாதகமா நடந்தா கூட கையக் கடிக்காம தப்பிக்கலாம், அவ்ளோதான், மிஞ்சாது. இதுல ஃபீ மேல வரி தனியா இருந்துச்சுன்னா இன்னும் கீழ போயிடும்.

அந்த 45 நாளும் எல்லாருக்கும் எப்பவும் கிடைக்காதுங்க, கூடும் குறையும். எல்லாம் ஸ்டேட்மென்ட் (மாச பில்) தேதிய பொறுத்தது. வாடகை 5ஆம் தேதி கட்டறீங்க, ஸ்டேட்மென்ட் 3ஆம் தேதி, அதுலேர்ந்து 20 நாள்ல டியூ (பில் கட்ட கடைசி தேதி)ன்னு வைங்க. 5ஆம் தேதி போட்டது அடுத்த மாச ஸ்டேட்மென்ட்லதான் வரும், கட்டவேண்டியது 23ஆம் தேதி, ஆக சுமார் 48 நாள். அதே ஆளுக்கு ஸ்டேட்மென்ட் 7ஆம் தேதின்னா ரெண்டே நாள்ல பில்லுல ஏறிடும், 27ஆம் தேதி கட்டணும், மொத்தமே 22 நாள்தான். ஒன்றரை பர்சென்ட் குடுத்து 22 நாள் கடன் வாங்கறது வருஷ வட்டியா பாத்தா கிட்டத்தட்ட 25%. 48 நாளா இருந்தா 11% சொச்சம். ரெண்டுமே நீங்க சேவிங்ஸ்ல வாங்கற வட்டிய விட எங்கயோ மேல.

இன்னொண்ணு, நிறைய பேர் கவனிக்காதது. முதல் மாசம்தான் உங்ககிட்ட "எக்ஸ்ட்ரா" காசு நிக்கற மாதிரி இருக்கும். அதுக்கப்புறம் மாசாமாசம் ஒரு வாடகை கார்டுல ஏறும், பழைய வாடகை ஒண்ணு அக்கவுன்ட்லேர்ந்து போகும், கைல நிக்கற தொகை அதேதான், ஏறவே ஏறாது. ஃபீ மட்டும் புதுசு புதுசா. 12 மாசத்துக்கு ஒரு மாச வாடகைல 18%, அதாவது வருஷத்துல அஞ்சு நாள் வாடகைய சேத்து குடுத்த மாதிரி. வீட்டுக்காரர் பக்கம்தான் என் ஓட்டு 😄

மைனஸ்_பாயின்ட்:
மேல சொன்ன கணக்கே ரிவார்டு வரும்னு நம்பி போட்டது. அது வருதான்னு முதல்ல பாருங்க சிஸ்டர். ஒவ்வொரு கடைக்கும் கார்டு நெட்வொர்க்ல நாலு நம்பர்ல ஒரு கோட் இருக்கும், மெர்ச்சன்ட் கேட்டகரி கோடும்பாங்க, எம்சிசி. வாடகைக்கு 6513. பேங்க்காரன் நாம எதுக்கு செலவு பண்றோம்னு இத வச்சுதான் கண்டுபிடிக்கறான். நிறைய கார்டுல இந்த கோடுக்கு பாயின்ட் கிடையாது, இல்லன்னா மாசத்துக்கு இவ்ளோதான்னு மூடி போட்டிருப்பான், சில பேங்க் வாடகைக்குன்னே அவன் பங்குக்கு ஒரு சார்ஜ் போடுவான், அது ஆப் வாங்கற ஃபீக்கு மேல தனி. ஆப்ல ஒன்றரைன்னு பாத்துட்டு கட்டுவோம், ஸ்டேட்மென்ட்ல தனி லைன்ல இன்னொண்ணு உக்காந்திருக்கும்.

இதவிட மோசம், சில ஆப் வழியா போறது வாடகையா போகாம பணம் அனுப்பறதா, இல்ல வாலட் லோடா (வாலட்ல காசு ஏத்தறதா) பதிவாகும், பேங்க் அத கேஷ் அட்வான்ஸ் (கார்டுல ரொக்கம் எடுக்கறது) கணக்குல சேத்துட்டா கதை முடிஞ்சுது. கேஷ் அட்வான்ஸுக்கு பொதுவா வட்டியில்லா நாளே கிடையாது, எடுத்த அன்னையிலேர்ந்து வட்டி ஓடும், அதுக்குன்னு தனி ஃபீ வேற, நீங்க பில்லை டியூ தேதிக்குள்ள முழுசா கட்டினாலும் அந்த வட்டி வரும். கார்டோட நிபந்தனைகள்ல "ரிவார்டு பொருந்தாத செலவுகள்"னு ஒரு பகுதி இருக்கும், பொடி எழுத்துல, அத மட்டுமாவது படிச்சிடுங்க. கஸ்டமர் கேர்ல கேட்டா ஆளுக்கொரு பதில் சொல்வாங்க, எழுத்துல கேளுங்க.

நிலாமுற்றம்:
ரெண்டு பேருக்கும் ரொம்ப தேங்க்ஸ். படிச்சுட்டேன், வாடகைக்கு பாயின்ட் கிடையாதுன்னு தெளிவா போட்டிருக்கான் 😐 ஆனா ஒண்ணு இருக்கு, வருஷத்துக்கு இவ்ளோ செலவு பண்ணா ஆண்டு கட்டணம் தள்ளுபடின்னு ஒரு டார்கெட், அதுக்கு வாடகை கணக்குல வராதுன்னு எங்கயும் போடல. வருஷம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான், டார்கெட்டுக்கு கிட்டத்தட்ட ஒரு மாச வாடகை அளவு குறையுது. இப்ப என்ன சொல்றீங்க?

கூட்டிக்கழி:
இத முதல்லயே சொல்லியிருக்கலாமே! அப்படின்னா கேள்வியே வேற. குறையற அளவுக்கு மட்டும் கார்டுல போடுங்க, ஒரே ஒரு மாசம், பாதி வாடகை போதும்னா பாதி (ஆப் விட்டா). அந்த ஒரு வாடகையோட ஒன்றரை பர்சென்ட்டும் தள்ளுபடி ஆகற ஆண்டு கட்டணமும், எது பெருசுன்னு பாருங்க. கட்டணம் பெருசுன்னா போடுங்க. அடுத்த மாசத்துலேர்ந்து பழையபடி பேங்க்லேர்ந்து. புது கார்டுக்கு முதல் மூணு மாசத்துல இவ்ளோ செலவு பண்ணா போனஸ்னு குடுப்பான்ல, அதுக்கும் இதே கணக்குதான். தேவையில்லாத சாமானை வாங்கி டார்கெட்ட முடிக்கறதுக்கு எப்படியும் குடுக்கப்போற வாடகைய போடறது மேல். ஆனா "எங்கயும் போடல"ங்கறத நம்பாதீங்க, ரிவார்டு இல்லாத செலவு பல கார்டுல டார்கெட்டுக்கும் சேராது. எழுத்துல கேட்டு பதில வாங்கிட்டு அப்புறம் போடுங்க.

தெருமுனை:
ப்ரோஸ் எதுக்கு இவ்ளோ கஷ்டம், ஓனர் அக்கவுன்ட்டுக்கு பதிலா ஃப்ரெண்ட் அக்கவுன்ட்ட குடுத்துட்டு காசை திருப்பி வாங்கிக்கலாமே, நிறைய பேர் பண்றாங்க, டார்கெட் நிமிஷத்துல முடிஞ்சிடும்.

மைனஸ்_பாயின்ட்:
தெருமுனை ப்ரோ, இந்த வழிய இங்க சொல்லாதீங்க. வாடகையே இல்லாம வாடகைன்னு சொல்லி கார்டுலேர்ந்து காசு எடுக்கறது கார்டு ஒப்பந்தத்துக்கே விரோதம். மாசாமாசம் ஒரே தொகை ஒரே தனி ஆள் அக்கவுன்ட்டுக்கு போயி ரெண்டு நாள்ல அதே தொகை திரும்பி வந்தா பேங்க்குக்கு தெரியாதா? கார்டை முடக்குவான், சேத்து வச்ச பாயின்ட்டெல்லாம் போகும், அந்த ஃப்ரெண்ட் கணக்குல காட்டாத வருமானம் மாதிரி தெரிஞ்சு அவருக்கும் தலைவலி. வாடகை ஒப்பந்தம் கேக்கற ஆப் எல்லாம் இதுக்காகத்தான் கேக்குது.

ஊமைக்குறும்பு:
தலைப்ப பாத்துட்டு வந்தேன், எல்லாரும் பில்லை முழுசா கட்டறவங்களுக்கே பேசறீங்க. நிஜத்துல வாடகைய கார்டுல போடற பாதி பேர் பாயின்ட்டுக்காக போடறதில்ல, அந்த மாசம் கைல காசு இல்ல, அதுக்காக போடறாங்க. அவங்களும் இத படிப்பாங்க, அதனால இந்த கணக்கையும் இங்க வச்சிட்டு போறேன்.

வாடகை 100னு வைங்க. ஃபீ 2 சேத்து மாசம் 102 கார்டுல ஏறுது. மினிமம் டியூ (பில்லுல குறைஞ்சது கட்டவேண்டிய தொகை) 5% மட்டும் கட்டறீங்க, மீதிக்கு மாசம் 3% வட்டி. 12ஆவது ஸ்டேட்மென்ட் வரும்போது நிலுவை கிட்டத்தட்ட 1089. அதுவரைக்கும் நீங்க கட்டினது சுமார் 314. மூணு வாடகைக்கு மேல கட்டியாச்சு, இன்னும் பதினோரு வாடகை கடன் நிக்குது, குடியிருந்தது 12 மாசம். இதுவே கொஞ்சம் இரக்கப்பட்டு போட்ட கணக்கு, ஏன்னா ஒரு மாசம் பாக்கி வச்சுட்டா பெரும்பாலான கார்டுல புதுசா வாங்கறதுக்கும் அன்னையிலேர்ந்தே வட்டி, வட்டியில்லா நாள்ங்கறது போயிடும், பால் தயிர் வாங்கினது கூட வட்டியில ஓடும்.

ஒரு மாசம் சமாளிக்கணும்னா ஓனர்கிட்ட பத்து நாள் டைம் கேளுங்க. கேக்கறதுக்கு கூச்சமா இருக்கும்தான், ஆனா அவர் 3% வட்டி போடமாட்டார். அவர் முடியாதுன்னுட்டா பேங்க்ல பர்சனல் லோன் வட்டிய விசாரிங்க, அதிகமாதான் இருக்கும், இருந்தாலும் கார்டு வட்டிய விட பெரும்பாலும் கம்மி, முடியற தேதியும் இருக்கும்.

கூட்டிக்கழி:
+1. இத முதல் பதிலாவே போட்டிருக்கணும்.

வெள்ளிக்கிழமை:
நிலாமுற்றம் மேடம், இன்னும் ஒண்ணு. சீக்கிரம் வீட்டு லோன் கீன் போடற ஐடியா இருக்கா? இருந்தா கார்டோட லிமிட்ல எவ்ளோ யூஸ் பண்றீங்கங்கறதும் கிரெடிட் ஸ்கோர்ல (கடன் குடுக்கறவங்க பாக்கற மார்க்) சேரும். ஸ்டேட்மென்ட் தேதியில என்ன நிலுவையோ அதத்தான் பெரும்பாலும் பேங்க் ரிப்போர்ட் பண்ணும், நீங்க டியூ தேதியில முழுசா கட்டறது அதுல தெரியாது. லிமிட்ல 30% தாண்டாம வச்சுக்க சொல்வாங்க, வாடகை ஒண்ணே அத தாண்டிடும் சில பேருக்கு. ஸ்டேட்மென்ட்டுக்கு முன்னாடியே ஒரு பகுதிய கட்டிட்டா சரியாயிடும்.

நிலாமுற்றம்:
லோன் எதுவும் இப்போதைக்கு இல்ல சார். பேங்க்ல மெயில்லயே கேட்டேன், டார்கெட்டுக்கு வாடகை சேரும்னு எழுத்துல பதில் வந்துடுச்சு, வாடகைக்குன்னு அவங்க தனி சார்ஜும் இல்லயாம். ஃபீய விட ஆண்டு கட்டணம் ரெண்டு மடங்குக்கு மேல இருக்கு, அதனால இந்த ஒரு மாசம் மட்டும் போடறோம். வீட்டுக்காரரும் "ஒரு மாசம்னா சரி"ன்னுட்டார். என் ஸ்டேட்மென்ட் 7ஆம் தேதிதான், ஆனா 22 நாள் போதும், காசு ரெடியாதான் இருக்கு. கடைசியா ஒரு சந்தேகம், ஓனருக்கு அன்னைக்கே போய் சேந்துடுமா?

மைனஸ்_பாயின்ட்:
அத நம்பி 5ஆம் தேதி போடாதீங்க. ஆப் முதல்ல உங்ககிட்ட வாங்கிட்டு அப்புறம்தான் அவருக்கு அனுப்பும், ரெண்டு மூணு வேலை நாள் ஆகலாம், நடுவுல லீவு வந்தா இன்னும் தள்ளும். ஒரு வாரம் முன்னாடியே போட்டுடுங்க, அக்கவுன்ட் நம்பர ஓனர்கிட்டயே ஒருதடவை படிச்சு காட்டி சரிபாருங்க, தப்பான ஆளுக்கு போயிட்டா திரும்ப வாங்கறது பெரும்பாடு. கார்டுல கட்டினதுக்கு வர்ற ரசீது ஆப் பேர்லதான் இருக்கும், வாடகை வாங்கினேன்னு ஓனர்கிட்ட தனியா ஒரு வரி எழுதி வாங்கி வச்சுக்கோங்க. அப்புறம் ஆப்ல "மாசாமாசம் தானா கட்டு"னு ஒரு டிக் முன்னாடியே போட்டு வச்சிருப்பான், அத எடுத்து விட்டுட்டு பே பண்ணுங்க.