பழுப்பு முட்டை வெளுத்துப்போச்சு, உங்க வீட்டுக் கோழிக்கும் இப்படி ஆகியிருக்கா?

கோபி பக்கம் இருந்து எழுதுறேனுங்க. தோட்டத்துல கிராமப்பிரியாங்கற முட்டைக்கோழி ரகம் கொஞ்சம், சிறுவிடைங்கற நாட்டுக்கோழி கொஞ்சம் வளர்க்கறோம். கிராமப்பிரியா முட்டை நல்ல பழுப்பா இருக்கும். சித்திரை பொறந்ததுல இருந்து கொஞ்சங்கொஞ்சமா வெளுத்து, இப்ப சந்தன நிறத்துக்கு வந்து நிக்குது. கோழிங்க தெம்பாத்தான் மேயுது. கம்பு, மக்காச்சோளம், கருவாட்டுத்தூள்னு தீவனமும் அதேதான். வாடிக்கையா வாங்கற அக்கா, "ஏங்கண்ணு, பண்ணை முட்டையக் கலந்து குடுக்கறயா?"ன்னு கேட்டுட்டாங்க. யாருக்காவது இந்த அனுபவம் இருந்தா சொல்லுங்க.

ஒட்டன்சத்திரம்:
தீவனத்தைச் சந்தேகப்படாதீங்க. தீவனம் மாறினா மஞ்சக்கரு நிறம் மாறும். ஓட்டு நிறம் கோழியோட பிறவிக்குணம். புரோட்டோபார்ஃபிரின்னு ஒரு சாயம், அதைக் கோழி கர்ப்பப்பையிலயே சுரக்குது. முட்டை அங்கே சுமார் 20 மணி நேரம் கிடந்து ஓடு கட்டும். பழுப்பு பெரும்பாலும் ஏறுறது கடைசிச் சில மணி நேரத்துலதான். அந்த நேரம் பார்த்து கோழி மிரண்டா போச்சு.

எங்க கொட்டாயில ஒரு ராத்திரி மரநாய் வந்துட்டுது. வலையைத் தாண்ட முடியலை, சுத்திச் சுத்தி வந்துட்டுப் போயிருச்சு. ஒரு கோழிக்கும் சேதமில்லை. ஆனா அதுக்கப்புறம் கிடைச்ச முட்டைங்க மேல சுண்ணாம்பைத் தூவின மாதிரி இருந்துச்சு, சிலதுல வெள்ளை வளையம்கூட. மிரண்ட கோழி முட்டையைப் போடாம அடக்கி வெச்சுக்கும். அப்ப பழுப்புக்கு மேல இன்னொரு சுண்ணாம்புப் படலம் படிஞ்சுரும். கோழிங்க அமைதியானதும் நிறம் தானா திரும்பிருச்சு.

உங்களோடது மெதுவா வெளுத்ததுன்னு சொல்றீங்க, அப்ப வயசுதான் காரணமா இருக்கும். வெடைக்கோழி போடுற முதல் முட்டைங்கதான் நல்ல அடர்த்தியா இருக்கும். போகப் போக முட்டை பெருசாகும், சாயம் அந்த அளவுக்கு அதிகமாகாது. இறகு உதிர்த்து ஓய்வெடுத்துட்டு மறுபடி போட ஆரம்பிக்கும்போது பாருங்க, நிறம் கொஞ்சம் தேறியிருக்கும்.

தென்காசி:
மேல சொன்னது சரிதான், ஆனா எல்லாத்தையும் வயசுன்னு விட்டுராதீங்க. ஒரு கோழி முட்டை மட்டும் வெளுத்தா அந்தக் கோழிய மட்டும் கவனிச்சாப் போதும். கூட்டமே ஒரே வாரத்துல வெளுத்துச்சுன்னா உடனே கால்நடை மருத்துவரைப் பாருங்க. எங்க வீட்டுல அப்படித்தான் ஆரம்பிச்சது. மொதல்ல நிறம் போச்சு. பெறகு ஓடு மெலிஞ்சு, சுருக்கம் விழுந்து, கோணல்மாணலா முட்டை வந்துச்சு. உடைச்சா வெள்ளைக்கரு தண்ணியா ஓடுது. கோழிகிட்ட லேசா தும்மலும் குறட்டைச் சத்தமும் இருந்ததைச் சேர்த்துப் பார்த்து, மூச்சுக்குழாயைத் தாக்குற ஐ.பி. வைரஸ்னு மருத்துவர் சொன்னாரு. பிழைச்ச கோழிகள்ல சிலது பழையபடி முட்டைக்குத் திரும்பவே இல்லை.

1976-ல் அடையாளம் கண்ட முட்டை குறைவு நோய்னு ஒண்ணு இருக்கு, ஈ.டி.எஸ். அதுல கோழி பார்வைக்கு நல்லாத்தான் இருக்கும். நிறம் வெளுக்குறதுதான் முதல் அறிகுறி, அப்புறம் ஓடு கட்டாத தோல்முட்டை. வெள்ளைக்கழிச்சல்லயும் முட்டை கெடும். அதுக்கான தடுப்பூசி கால்நடை மருந்தகத்துல கிடைக்கும், தள்ளிப்போடாதீங்க.

கரூர்:
ஒண்ணு கேக்க மறந்துட்டோம். கறிக்கோழித் தீவனம் எதுவும் கலந்தீங்களா? ரத்தக்கழிச்சல் வராம இருக்க அதுல நிகார்பசின்ங்கற மருந்து சேர்க்கறது உண்டு. அது முட்டைக்கோழி வயித்துக்குப் போனா ஓரிரு நாள்லயே பழுப்பு முட்டை வெள்ளையாயிரும். நிறுத்தினா நிறம் வந்துரும். பக்கத்துத் தோட்டத்துல மிச்சத் தீவனத்தைப் போட்டு இதைக் கண்ணால பார்த்தேன்.

லீட்ஸ், இங்கிலாந்து:
இங்கே கொல்லையில் கிரீம் லெக்பார் கோழிகள் வைத்திருக்கிறேன், நீல முட்டைக்காரிகள். 1930களில் கேம்பிரிட்ஜில் மரபியலாளர் புன்னெட் சிலி நாட்டுக் கோழிகளைக் கலந்து தொடங்கிய இனம். பருவக் கடைசியில் இவை முட்டையும் வெளிறும், ஆனால் நீலம் நீலமாகவே இருக்கும். அந்தச் சாயம் பிலிவெர்டின், ஓட்டின் உள்பக்கம் வரை ஊறியிருக்கும். பழுப்பு அப்படியில்லை, மேலோடு நின்றுவிடும். உடைத்த பழுப்பு முட்டை ஓட்டின் உட்புறத்தைப் பாருங்கள், கிட்டத்தட்ட வெள்ளைதான். ஒரே கோழி இன்று பழுப்பும் நாளை நீலமும் இடுவதாக யாராவது சொன்னால், அடுத்த வீட்டுக் கோழி வந்து இட்டுவிட்டுப் போயிருக்கும்!

ஒட்டன்சத்திரம்:
லீட்ஸ் நண்பர் சொன்னதுல இருந்து இன்னொண்ணு. வெள்ளை முட்டையைத் தேயிலைச் சாயத்துல முக்கி நாட்டுமுட்டைன்னு விக்கறாங்கன்னு ஒரு பயம் இருக்கு. அதுக்காக எலுமிச்சைச் சாறு ஊத்தித் தேய்ச்சுப் பார்க்கச் சொல்றாங்க. அந்தச் சோதனையை நம்பாதீங்க. புளிப்பு பட்டா ஓட்டோட மேல்பூச்சே கரையும், அசல் பழுப்பும் அதோட சேர்ந்து கழண்டு வரும். கோபிக்காரரே, அந்த அக்காகிட்ட சிறுவிடை முட்டையையும் பக்கத்துல வெச்சுக் காட்டுங்க. அதுவே வெளிர் நிறந்தானே, அதைப் பண்ணை முட்டைன்னு சொல்வாங்களா?