பேட்டி வீடியோவில் ஓடும் கோடுகள், நடுவில் மாறும் நிறம்: எடிட்டிங்கில் சரிசெய்ய வழி உண்டா?

வெட்டுக்கிளி:
வணக்கம். வேறொருவர் படம்பிடித்த பேட்டி ஒன்று தொகுப்பதற்காக என்னிடம் வந்திருக்கிறது. பேசியவர் வெளிநாடு கிளம்பிவிட்டதால் மறுபடி எடுப்பது நடக்காது. கேமரா ஸ்டாண்டில் அசையாமல் இருந்திருக்கிறது, அந்த மட்டில் புண்ணியம்.

பின்சுவரில் மங்கலான கிடைக்கோடுகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. பேச்சின் நடுவில் முகம் மெல்ல மஞ்சளாகி, கடைசிவரை அப்படியே நின்றுவிடுகிறது. பக்கத்து ஜன்னல் அடியோடு வெளுத்துப் போயிருக்கிறது. நொடிக்கு 30 ஃபிரேம், ஷட்டர் (ஒரு ஃபிரேமுக்கு ஒளி படும் நேரம்) 1/60 நொடி, 8 பிட். என்னிடம் இருப்பது டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பு. எதிலிருந்து தொடங்குவது?

கண்கொத்தி:
எல்லாவற்றையும் மேனுவலில் வைத்து, ராவில் (கேமரா பதப்படுத்தாத மூலப்பதிவாக) எடுத்திருந்தால் இந்தத் தொல்லையே வந்திருக்காது.

ஒளிக்கற்றை:
கல்யாணம் முடிந்த பிறகு ஜாதகப் பொருத்தம் பார்க்கச் சொல்கிறீர்கள். கேட்டவருக்குக் கையில் இருக்கும் கோப்புக்குத்தான் வழி வேண்டும்.

முதலில் கோடுகள். நிறத்தில் கை வைப்பது அதற்குப் பிறகுதான். படம்பிடித்த இடத்தில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸாக இருந்திருக்க வேண்டும். அங்கே விளக்குகள் ஒரு சுழற்சிக்கு இருமுறையாக, நொடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டர் 1/50 என்றால் ஒவ்வொரு ஃபிரேமிலும் இரண்டு முழுத் துடிப்புகள் அடங்கிவிடும். 1/60-இல் ஒன்றும் மூன்றில் இரண்டும்தான் அடங்கும். சென்சார் வரி வரியாகப் படிப்பதால் ஒரு வரிக்கு வெளிச்சம் கூடும், அடுத்த வரிக்குக் குறையும். அதுதான் கோடு.

உங்கள் அதிர்ஷ்டம் அந்த 30 ஃபிரேமில் இருக்கிறது. ஒரு ஃபிரேமிலிருந்து அடுத்ததற்குள் மூன்று முழுத் துடிப்பும் இன்னொன்றில் மூன்றில் ஒரு பங்கும் கடக்கின்றன. ஆகவே மூன்று ஃபிரேமுக்கு ஒருமுறை கோடு பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். அம்புக்குறி விசையால் ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பாருங்கள். நான்காவதில் கோடு முதல் இடத்திலேயே நின்றால் கீழே சொல்லும் வழி பலிக்கும்.

ஒரே கிளிப்பை மூன்று டிராக்குகளில் அடுக்குங்கள். இரண்டாவதை ஒரு ஃபிரேமும் மூன்றாவதை இரண்டு ஃபிரேமும் தள்ளி வையுங்கள். ஒபாசிட்டி (அடுக்கு எவ்வளவு அடர்த்தியாகத் தெரிய வேண்டும் என்ற சதவீதம்) கீழிருந்து மேலாக 100, 50, 33. மூன்றுக்கும் சம பங்கு கிடைப்பதால் கோடுகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். சுவரில் இருக்கும் புள்ளி இரைச்சலும் கூடவே குறையும். நகல்களின் ஒலியை மட்டும் மறக்காமல் நீக்கிவிடுங்கள்.

வெட்டுக்கிளி:
நான்காவது ஃபிரேமில் கோடு அப்படியே திரும்பி வந்து நிற்கிறது! அடுக்கிப் பார்த்தேன், சுவர் துடைத்துவிட்டதுபோல் ஆகிவிட்டது. ஆனால் அவர் கையை அசைத்தால் மூன்று கைகள் தெரிகின்றன.

ஒளிக்கற்றை:
தெரியத்தான் செய்யும். எல்லாவற்றுக்கும் மேலே நான்காவது நகல் ஒன்றை வையுங்கள். அது நகர்த்தாத அசல், உதட்டசைவுக்கு ஒலி பொருந்த வேண்டியதும் அதனோடுதான். அதில் ஆளைச் சுற்றி மட்டும் மாஸ்க் போட்டு (அந்தப் பகுதி மட்டும் தெரியும்படி மறைத்து) ஓரத்தை நன்றாக மென்மையாக்குங்கள். சட்டையிலும் முகத்திலும் கோடு இருந்தாலும் கண்ணில் உறுத்தாது, வெறும் சுவரில்தான் பளிச்சென்று தெரியும். கை மாஸ்க்கைத் தாண்டும் இடங்களில் மட்டும் கீஃபிரேம் (அமைப்பு மாற வேண்டிய நேரக்குறி) வைத்து மாஸ்க்கை அகலமாக்குங்கள்.

அரைநிழல்:
மஞ்சளுக்கு நான் வருகிறேன். இது ஆட்டோ ஒயிட் பேலன்ஸ், அதாவது கேமரா தானாக நிறத்தைச் சரிசெய்யும் வசதி, செய்த வேலை. அடுக்குகள் எல்லாவற்றையும் ஒரே காம்பவுண்ட் கிளிப்பாக்கி (எல்லாம் சேர்ந்த ஒற்றைக் கிளிப்), அதன் நகலை மேலே வையுங்கள். மேல் நகல் மஞ்சள் ஏறத் தொடங்கும் ஃபிரேமில் தொடங்கட்டும். மஞ்சள் முழுதாக நின்ற பிறகான ஒரு ஃபிரேமை எடுத்து, முன்பாதியோடு ஒத்துப்போகும்படி நிறத்தைத் திருத்துங்கள். பிறகு மஞ்சள் ஏற எவ்வளவு நேரம் ஆனதோ, அதே நேரத்துக்கு மேல் நகலின் ஒபாசிட்டியை 0-விலிருந்து 100-க்கு ஏற்றுங்கள்.

கண்ணை நம்பாதீர்கள், சிறிது நேரத்தில் அது எந்த நிறத்துக்கும் பழகிவிடும். நிறங்களின் அளவைத் தனித்தனியாகக் காட்டும் பரேட் ஸ்கோப்பைத் திறந்து, நிறமற்ற ஒரு பொருளைப் பாருங்கள். வெள்ளைச் சட்டைக் காலர் இருந்தால் நல்லது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் அங்கே ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். 8 பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான், நீலத்தை ஒரேயடியாக ஏற்றினால் நிழல்களில் இரைச்சல் கொப்பளிக்கும். நானாக இருந்தால் முன்பாதியைச் சற்று வெதுவெதுப்பாக்கி, பின்பாதியைப் பாதிவழி மட்டும் இழுத்து, இரண்டையும் நடுவில் சந்திக்க வைப்பேன்.

வெட்டுக்கிளி:
அப்படியே செய்தேன், மாற்றம் எங்கே நடக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. ஜன்னல்?

ஒளிக்கற்றை:
பெரிய நம்பிக்கை வைக்காதீர்கள். ஆனாலும் கெயினை (வெளிச்சமான பகுதிகளின் அளவை) ஒருமுறை கீழே இறக்கிப் பாருங்கள். சில கேமராக்கள் வெள்ளையின் வழக்கமான எல்லையான 235-ஐத் தாண்டி 255 வரை பதிவு செய்யும், அங்கே கொஞ்சம் விவரம் ஒளிந்திருக்கலாம். இறக்கியும் வேவ்ஃபார்மின் (வெளிச்ச வரைபடத்தின்) உச்சி தட்டையான கோடாகவே இருந்தால் அங்கே ஒன்றும் பதிவாகவில்லை. மேலும் இறக்கினால் வெள்ளை ஜன்னல் சாம்பல் ஜன்னலாகும், அது இதைவிட அசிங்கம். பேசாமல் படத்தைச் சற்றுப் பெரிதாக்கி ஜன்னலை ஓரத்தில் வெட்டிவிடுங்கள். மூலம் 4கே, முடிவு 1080 என்றால் இரு மடங்குவரை பெரிதாக்கலாம், கூர்மை போகாது.

வெட்டுக்கிளி:
மூலம் 4கே-தான். உச்சி தட்டையாகவே இருந்தது, வெட்டிவிட்டேன். இருவருக்கும் நன்றி.