புதுப்பிப்பு: தள வடிவமைப்புக்கு யோசனை தேடி அலைந்தது

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன்: என் புகைப்படத் தளத்துக்காக நல்ல தள வடிவமைப்புகளுக்கு விருது தரும் அவ்வார்ட்ஸில் ராப்பகலாக மேய்ந்தும், நான் வரைவதெல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி வருகிறது என்று. "பழசைப் பார்" என்று ஒருவர் சொன்னார். பார்த்தேன்.

இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷினில் ஒரு செய்தித் தளத்தின் முகவரியைக் கொடுத்து, 1990களின் கடைசியிலிருந்து ஆண்டுக்கு ஒன்றாகத் திறந்தேன். மோடம் காலத்து வேகத்துக்குப் பயந்து படங்களைக் குறைத்து, டேபிளால் கட்டம் போட்டு, எழுத்தையும் நிறத்தையும் நம்பியே பக்கத்தை நிறுத்தியிருக்கிறார்கள். அந்தச் சிக்கனம் என்னைப் பிடித்துக்கொண்டது.

ஒரு எச்சரிக்கை. அங்கே ஒரே பக்கத்தின் படமும் ஸ்டைல்ஷீட்டும் (நிறம், எழுத்து, இட அமைப்பைச் சொல்லும் கோப்பு) வெவ்வேறு தேதிகளில் சேமிக்கப்பட்டிருக்கலாம். கோணலாகத் தெரிவதைப் பார்த்து, 'அடடா, என்ன துணிச்சல்!' என்று வியந்துவிடாதீர்கள். (நான் வியந்தேன்.) பக்கத்து மாதப் பிரதியையும் திறந்து ஒப்பிடுங்கள்.

திருப்பம் தந்தது சிஎஸ்எஸ் ஜென் கார்டன் என்ற தளம். 2003இல் டேவ் ஷே தொடங்கியது. பக்கத்தின் உள்ளடக்கத்தைத் தாங்கும் எச்டிஎம்எல் அப்படியே இருக்கும், ஸ்டைல்ஷீட் மட்டும் மாறும். ஒவ்வொன்றும் வேறு தளமாகவே தெரியும். அதே விளையாட்டை என் பக்கத்திலும் ஆடினேன். மூன்று ஸ்டைல்ஷீட்கள் எழுதியதில் கடைசியைத் தேர்ந்தெடுத்தேன்: இடப்பக்கம் ஒல்லியான மெனு, வலப்பக்கம் ஒரே பெரிய படம், தானாக நகரும் ஸ்லைடர் கிடையாது.

கைபேசியில் மட்டும் அந்த மெனு இன்னும் அடங்க மறுக்கிறது. இந்த வாரம் அதோடுதான் மல்லுக்கட்டு.