நெஞ்செரிச்சல் இருக்கிறவர்கள் எடை குறைக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொள்ளலாமா?

பெரம்பூர்க்காரி:
வணக்கம். எனக்கு வயது 43, உயரம் 158 செ.மீ., எடை 98 கிலோ. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பிஎம்ஐ 39 வருகிறது. சர்க்கரைக்கு இரண்டு வகை மாத்திரை போட்டும் மூன்று மாத சராசரி 9-க்குக் கீழே இறங்க மறுக்கிறது. தூக்கத்தில் மூச்சுத் தடை இருப்பதும் பரிசோதனையில் உறுதியாகிவிட்டது. பெரம்பூர் ஸ்டேஷன் படிக்கட்டில் பாதியில் நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் மேலே ஏறுகிறேன். மூட்டுவலிக்கு அடிக்கடி வலி மாத்திரை போடுகிறேன். நெஞ்செரிச்சலும் பல வருஷமாக உண்டு, இரண்டு தலையணை இல்லாமல் படுக்க முடியாது.

டயட், நடைப்பயிற்சி எல்லாம் பார்த்தாயிற்று. குறைந்த எடை வட்டியோடு திரும்பி வந்துவிடுகிறது.

ஒரு தனியார் மருத்துவமனையில் விசாரித்தேன். டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னாலேயே கவுன்சிலர் பெண் ஸ்லீவ் பேக்கேஜ் விலையைச் சொல்லி, இந்த மாதத்துக்குள் கட்டினால் சலுகை என்றார். ஆபத்து பற்றிக் கேட்டால், "சின்ன துளைதான் மேடம், மூணாம் நாள் வீட்டுக்குப் போயிடலாம்" என்பதோடு பேச்சு முடிந்தது. 2024-ல் சென்னைப் புறநகரில் இந்த ஆபரேஷனுக்குப் போன ஓர் இளைஞர் இறந்துபோனாரே, அந்தச் செய்தியைச் சொல்லிச் சொல்லி அம்மா அழுகிறார். எனக்கோ பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள். இப்படியே இருந்துவிடவும் பயம், போய்ப் படுக்கவும் பயம். செய்துகொண்டவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

குரோம்பேட்டை ரவி:
சகோதரி, நான் 2018-ல் ஸ்லீவ் செய்துகொண்டவன். 131 கிலோ இருந்தேன், இப்போது 92. சர்க்கரை மாத்திரை நின்றுவிட்டது, மகனோடு ஷட்டில் ஆடுகிறேன். செய்துகொண்டதில் எனக்கு வருத்தம் இல்லை.

ஆனால் உங்கள் பதிவில் என் கண் போய் நின்றது நெஞ்செரிச்சலில். ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி வெளியே எடுத்துவிடுவார்கள். மிச்சம் ஒரு குழாய்தான், அதனால் உள்ளே அழுத்தம் கூடி அமிலம் மேலே ஏறும். எனக்கு முன்பு எப்போதாவது புளித்த ஏப்பம் வரும், அவ்வளவுதான். இப்போது தினமும் காலையில் மாத்திரை. ராத்திரி எட்டு மணிக்கு மேல் சாப்பிட்டால் படுத்த பிறகு தொண்டை வரை எரிச்சல். இதை பைபாஸாக, அதாவது இரைப்பையின் மேல்பகுதியைச் சின்னப் பையாக்கிச் சிறுகுடலோடு இணைக்கும் ஆபரேஷனாக, மாற்றலாமா என்று டாக்டர் யோசிக்கிறார். வெட்டி எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. முதலில் எண்டோஸ்கோப்பி செய்துவிடுங்கள். உணவுக்குழாயில் புண்ணோ, இரைப்பை மேலே ஏறிய ஹெர்னியாவோ இருந்தால் ஸ்லீவ் வேண்டாம் என்றே பெரும்பாலும் சொல்வார்கள்.

சாப்பாடு பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆரம்ப மாதங்களில் ஒரு இட்லி உள்ளே போக அரை மணி நேரம் ஆகும். அவசரமாக ஒரு வாய் கூடப் போனால் நெஞ்சில் அடைத்துக்கொண்டு வாயில் எச்சில் ஊறும், அப்புறம் வாந்திதான். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது. மூன்றாம் மாதம் முடி கொத்துக்கொத்தாகக் கொட்டியது, பிறகு வளர்ந்துவிட்டது.

வார்டு நர்ஸ், கீழ்ப்பாக்கம்:
அக்கா, இந்த வார்டில் வேலை பார்ப்பதால் சொல்கிறேன். அனுபவமுள்ள குழு செய்தால் உயிரிழப்பு ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவு. தையல் போட்ட இடத்தில் கசிவு என்பது சுமார் நூற்றில் ஒருவருக்கு. கசிவைச் சீக்கிரம் கண்டுபிடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வீட்டுக்குப் போன பிறகு நாடித்துடிப்பு 120-ஐத் தொட்டால், காய்ச்சலோ இடது தோள்பட்டை வலியோ வந்தால், காலை வரை காத்திருக்கவே கூடாது. அதனால் பேக்கேஜ் விலைக்கு முன்னால் இதைக் கேளுங்கள்: ராத்திரி இரண்டு மணிக்கு அங்கே ஐசியூவில் டாக்டர் இருப்பாரா, சிடி ஸ்கேன் எடுக்க முடியுமா, சர்ஜன் வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும்? மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

நெஞ்செரிச்சலுக்கு பைபாஸ்தான் நல்லது என்றாலும் உங்கள் மூட்டுவலி மாத்திரை அங்கே இடிக்கும். புரூஃபன், டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரைகள் பைபாஸ் இணைப்பில் புண்ணை உண்டாக்கும், ஓட்டையே விழுந்து வந்தவர்களும் உண்டு. பாராசிட்டமாலோடு சமாளிக்க முடியுமா என்று எலும்பு டாக்டரிடம் இப்போதே பேசுங்கள். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆயுசுக்கும் எடுக்க வேண்டும். நீங்கள் சைவம் என்றால் பி12 விஷயத்தில் இன்னும் கவனம் தேவை.

மடிப்பாக்கம் சேகர்:
இன்ஷூரன்ஸ் பாலிசியைப் பாருங்கள். பிஎம்ஐ 40, அல்லது 35-க்கு மேல் இருந்து கட்டுப்படாத சர்க்கரையோ கடுமையான மூச்சுத் தடையோ இருந்தால் கேட்டுப் பார்க்க வழி இருக்கிறது. காத்திருப்புக் காலம் முடிந்துவிட்டதா என்றும் பாருங்கள். இன்னொன்று, 2025-ல் மவுஞ்சாரோ, வெகோவி ஊசிகள் இங்கே வந்துவிட்டன. என் மனைவி வாரம் ஒன்று போடுகிறார், எடை நன்றாகவே இறங்குகிறது. நிறுத்தினால் திரும்ப ஏறும் என்று டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார், செலவும் மாதாமாதம். கத்தி வைப்பதற்கு முன் இதையும் சர்க்கரை டாக்டரிடம் கேளுங்கள்.

பெரம்பூர்க்காரி:
ரவி அண்ணா, தங்கச்சி, சேகர் சார், ரொம்ப நன்றி. வலி மாத்திரை விஷயத்தை இதுவரை ஒருவர்கூட என்னிடம் கேட்கவில்லை. சலுகைக்குப் பணம் கட்டப் போவதில்லை. வியாழக்கிழமை எண்டோஸ்கோப்பிக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன், ரிப்போர்ட் வந்ததும் வேறொரு சர்ஜனைப் பார்க்கிறேன். தங்கச்சி, பைபாஸ் செய்தவர்களுக்கு சர்க்கரை மாத்திரையை எப்போது குறைப்பார்கள், ஆஸ்பத்திரியில் இருக்கும்போதேவா?

வார்டு நர்ஸ், கீழ்ப்பாக்கம்:
ஆமாம் அக்கா, பெரும்பாலும் அங்கேயே. சாப்பாடு குறைந்ததுமே சர்க்கரை மளமளவென்று இறங்கும், பழைய அளவில் மாத்திரை போட்டால் மயக்கம் வந்துவிடும். டிஸ்சார்ஜ் சீட்டில் புது அளவை எழுதி வாங்காமல் கிளம்பாதீர்கள்.